சூடில்லாத கட்டடம்

காலை ஒன்பது மணிக்கு, வயிற்றில் புட்டு இறங்குவதற்கு முன்னால், மனிதன் முகர்ந்து பார்க்கக் கூடாத பொருட்கள் சில உண்டு. பூசணம் பிடித்த ரப்பர் ஷீட்டுக்கு அதில் முதல் இடம்.

அந்தச் சனியனைப் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து, பாறசாலை பேக்கரி மாடியிலிருக்கும் எங்கள் துப்பறியும் ஆபீஸின் ஒரே மேசையில் விரித்து வைத்தார் ஸ்ரீகலா மேடம். கிராமசேவா கூட்டுறவு மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவி. நாற்பத்தைந்து வயது, இஸ்திரி கலையாத காட்டன் சேலை, ஆனால் தூங்காத முகம்.

"நேத்து சாயங்காலம் எனக்க நாற்காலியில கிடந்தது. கூடவே இந்தச் சீட்டு."

சீட்டில் ஒரே ஒரு வரி இருந்தது. 'கையெழுத்துப் போடும் முன்னே இந்த ஷீட்டு ஏன் காயவில்லை என்று விசாரிக்கவும்.'

பிரசீதா அக்கா சீட்டை நான்கு நொடி பார்த்தாள், ஷீட்டை நான்கு நிமிஷம் பார்த்தாள். பதினான்கு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்யர்களைப் பிடித்தவள், இப்போது அதையே சொந்தமாகச் செய்கிறாள். நான் ஷிஜு. அக்காவின் உதவியாளன், டிரைவர், ஆட்டோவின் சொந்தக்காரன். மூன்று வேலைக்கும் சேர்த்து எனக்குக் கிடைப்பது திட்டு.

"என்ன கையெழுத்து மேடம்?" என்றாள் அக்கா.

மேடம் மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னார். போன கோடையில் தண்ணீர் இல்லாமல் மருத்துவமனையில் இரண்டு நாள் டயாலிசிஸ் நின்றுபோனது. நோயாளிகளின் சொந்தக்காரர்கள் குடத்தோடு வந்து வாசலில் நின்று அழுதார்கள். அதற்குப் பிறகு கூடிய பொதுக்குழு ஒரு தீர்மானம் போட்டது: ஊர்த் தண்ணீரைக் கெடுக்கிற, டீசலை எரிக்கிற எவனோடும் மருத்துவமனை சேராது. இப்போது நோயாளிகளின் கோப்புகளை எல்லாம் வெளியே ஒரு டேட்டா சென்டரில் வைக்க வேண்டியிருக்கிறது. மூன்று கம்பெனிகள் போட்டி போட்டன. மேடம் தேர்ந்தெடுத்தது 'ஹரிதநிழல்'. கட்டடம் ஆரியங்கோட்டில். கூரை முழுக்க சோலார், தொட்டியில் மழைத்தண்ணீர், ஜெனரேட்டரே கிடையாது. போதாக்குறைக்கு, இயந்திரங்கள் கக்கும் சுடுகாற்றை ஊருக்கு இலவசமாகக் கொடுக்கிறார்களாம், உறைந்த ரப்பர்ப்பால் ஷீட்டை உணக்கிக் காயவைப்பதற்கு! விளம்பரப் புத்தகத்தின் அட்டையில் பெண்கள் சிரித்துக்கொண்டே ஷீட்டைக் கொடியில் போடுகிறார்கள்.

"மூணு மாசமா நம்ம ஃபைல் எல்லாம் சோதனைக்கு அவங்ககிட்டதான் உண்டு. கேட்டா கண்ணிமைக்கிறதுக்குள்ள வருது. அக்டோபர் ஒன்பதும் இருபத்திரண்டும் நானே நேர்ல போய்ப் பாத்தேன். சுடுகாத்துல கையையும் காட்டினேன். இன்னைக்கு மூணு மணிக்குக் கமிட்டி. கையெழுத்துப் போட்டா ஏழு வருஷத்துக்கு மாத்த முடியாது." மேடத்தின் குரல் இறங்கியது. "தப்பாப் போச்சுன்னா, தேடிப் பிடிச்சு ஊருக்கு விஷத்தைக் கொடுத்தவ நான்தான். பயமா இருக்கு பிரசீதா."

அக்கா ஷீட்டின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். கத்திரியால் போட்ட மூன்று சின்ன வெட்டு.

"நம்ம பக்கத்துல ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அடையாளம் உண்டு. பொதுக் கொடியில போட்டா மாறிப்போகாம இருக்க. இந்த மூணு வெட்டுக்காரிய நான் பாக்கணும். எலே ஷிஜு, வண்டிய எடு."

"புட்டு?"

"வந்து தின்னலாம்."

பன்னிரண்டு வருஷமாக இந்தப் பதிலை நான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

ஆரியங்கோட்டில் மழை விட்டு விட்டுத் தூறியது. ரப்பர் தோட்டத்துக்கு நடுவே வெள்ளைவெளேரென்று நின்றது ஹரிதநிழல். பின்சுவரில் வரிசையாக ஃபேன் துவாரங்கள். அதற்கு எதிரே கம்பிவேலி, தகரக்கூரை, கூரையடியில் கொடிகள். கொடிகளில் ஏழெட்டு ஷீட்டுகள் வெளுப்பு மாறாமல் தொங்கின.

அக்கா வேலிக்குள் கையை நீட்டி ஒரு துவாரத்தின் முன்னால் பிடித்தாள். நானும் நீட்டினேன்.

"காத்து வருது அக்கா. ஆனா சூடில்ல. எனக்க மாமன் கொட்டாவி விட்டா இதைவிடச் சூடா இருக்கும்."

"ம்" என்றாள். அக்கா 'ம்' என்றால் எனக்குப் புட்டு கிடையாது என்று அர்த்தம்.

வாளியோடு ஒரு அம்மாள் வந்தார். எங்களைக் கண்டதும் அவசர அவசரமாக இரண்டு ஷீட்டை உருவிச் சுருட்டினார். சுருட்டுவதற்குள் ஓரத்தைப் பார்த்துவிட்டேன். மூன்று வெட்டு!

"அம்மா, ஷீட்டு ஒணங்கலியா?" என்றாள் அக்கா மெதுவாக.

"யாரு சொன்னா? எனக்க ஷீட்டு நல்லா ஒணங்கும். விஜயம்மாவுக்க ஷீட்டுல யாரும் ஒரு கொறை சொன்னது கெடையாது, கேட்டியா?" சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். ஓட்டம் என்றே சொல்லலாம்.

நாங்களும் பின்னாலேயே போனோம். வீடு பக்கத்தில்தான். முன்கதவு சாத்தியிருந்தது, அடுக்களை ஜன்னலில் புகை சுருண்டு வந்தது. எட்டிப் பார்த்தால், அடுப்புக்கு மேலே கம்பு கட்டி ஆறு ஷீட் தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் முப்பது வயதிருக்கும் ஒரு பெண், புகையில் கண் கலங்க, தேங்காய்ச் சிரட்டையைப் போட்டு ஊதிக்கொண்டிருந்தாள்.

"எங்க மருமகள் ஆர்யா" என்றார் விஜயம்மா, பிடிபட்ட குரலில். "அவளுக்கு ரப்பர்ப்பாலை ஒறைய வைக்க ஆசிட்டு ஊத்துற அளவு தெரியல்ல. அதாக்கும் பூசணம் புடிக்குது. வெளிய சொல்லிப் போடாத மக்கா. ஷீட்டுல பூசணம்னா அந்த வீட்டுக்காரிக்குச் சோலி தெரியாதுன்னுதானே ஊரு சொல்லும்."

ஆர்யா எழுந்து நின்றாள். கையில் ஊதுகுழல். அதைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து நான் ஒரு அடி பின்வாங்கினேன்.

"எனக்கு அளவு தெரியும்! கல்யாணத்துக்கு முன்னால எங்க வீட்டுல பத்து வருஷம் ஷீட்டு அடிச்சவ நான். ஷீட்டு ஒணக்குற சொந்தப் புகைப்புரையை இடிச்சுட்டு அந்த ஆபீஸ்காரனுக்க காத்தை நம்பினது யாரு? தினமும் ஏச்சு எனக்கா?" சொல்லிக்கொண்டே சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றி வந்தாள். "பாருங்க. ஷீட்டு போட்ட நாளெல்லாம் குறிச்சு வச்சிருக்கேன். வட்டம் போட்ட ரெண்டு நாள் மட்டும் சுடச்சுடக் காத்து வந்தது. பாக்கி நாள் பச்சைக் காத்து, சூடே இல்ல."

அக்டோபர் ஒன்பது. அக்டோபர் இருபத்திரண்டு.

மேடம் நேரில் வந்து பார்த்த அதே இரண்டு நாட்கள்.

"ஸ்ரீகலா மேடத்துக்க நாற்காலியில ஷீட்டைப் போட்டது நீதானே?" என்றாள் அக்கா.

ஆர்யா தலையைக் குனிந்தாள். "அந்த ஆஸ்பத்திரியிலதான் தூத்துத் தொடைக்கப் போறேன். அவங்க கையெழுத்துப் போடப் போறாங்கன்னு கேட்டேன். பெரிய படிப்புப் படிச்சவங்க விசாரிச்சா, தப்பு எனக்க ஆசிட்டுல இல்லேன்னு ஒரு ஆளாவது எங்க மாமிகிட்டச் சொல்லுமே."

பாவம், அவளுக்கு டேட்டாவும் தெரியாது, சென்டரும் தெரியாது. மாமியாரின் வாயை அடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா வாசலுக்கு வந்து சுற்றிலும் பார்த்தாள். மழைத்தூறலில் ஏழு வீட்டு அடுக்களையிலிருந்தும் கனமாகப் புகை வந்துகொண்டிருந்தது. பகல் பத்தரைக்கு யார் வீட்டில் அவ்வளவு சமையல்?

"விஜயம்மா, ஊர் முழுக்க ஒணங்கல்ல. ஒவ்வொரு வீடும் நம்ம வீட்டுலதான் கோளாறுன்னு வெக்கப்பட்டுக் கதவைச் சாத்தி வச்சிருக்கு. ஆர்யாவுக்க கணக்கு சரியாக்கும்."

விஜயம்மா மருமகளைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்து, "தம்பி காப்பி குடிக்குதியா?" என்றார். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர்கள் கேட்கும் மன்னிப்பு அது. அக்கா என்னைக் குடிக்க விடவில்லை.

ஆட்டோவில் ஏறியதும் கேட்டேன். "அக்கா, சூடு வரல்லேன்னா நல்லதுதானே? மெஷினு சூடாகாம ஓடுது."

"சூடாகாம ஓடுற மெஷினு உலகத்துல இல்லடே. சூடில்லேன்னா மெஷினே இல்ல. அந்தக் கட்டடம் காலி. காட்சிக்கு வச்சிருக்கிற பொம்மை. மேடம் பாக்க வந்த ரெண்டு நாளும் உள்ள ஹீட்டரைப் போட்டு ஊதியிருக்கான்."

"கொள்ளாமே, நல்ல ஏற்பாடு! கரண்டும் செலவில்ல, வெள்ளமும் செலவில்ல. சுற்றுச்சூழலுக்குக் கேடே இல்லாத டேட்டா சென்டரு!"

"சிரிக்காத. மூணு மாசமா மேடம் கேக்கிற ஃபைலு கண்ணிமைக்கிறதுக்குள்ள வருதே, அது எங்கேருந்து வருது?"

நான் சிரிப்பை நிறுத்தினேன். மெஷின் எங்கோ இருக்கிறது. அப்படியானால் அந்தச் சூடும் எங்கோ இருக்கிறது.

"வெள்ளறடைக்கு விடு. ஷீட்டு ஒணங்காத இடத்தைப் பாத்தாச்சு. இனி நல்லா ஒணங்குற இடத்தைப் பாப்போம்."

வெள்ளறடை ஜங்ஷனில் ரப்பர் கடை வைத்திருக்கிற செல்லசாமிக்கு, ஒரு ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்தால் அது எந்த வீட்டு அடுப்பில் காய்ந்தது என்றுகூடத் தெரியும். அக்கா கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று.

"அண்ணாச்சி, இந்த மழையிலயும் புகை மணமே இல்லாம நல்லா ஒணங்கின ஷீட்டு யாராவது கொண்டு வாறாவளா?"

செல்லசாமி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். "மந்திரவாதம் உண்டா பிள்ளைக்கு?" உள்ளே போய் ஒரு ஷீட்டோடு வந்தார். தேன் நிறம், ஒரு வெள்ளைப்புள்ளி இல்லை. "கள்ளிக்காட்டு மேலவிளைத் தோட்டத்துச் சரக்கு. ரெண்டு மாசமா இப்படி வருது. ஆனா ஒண்ணாந்தரமா எடுக்க முடியல்ல. மணத்திப் பாரு."

அக்கா முகர்ந்துவிட்டு என்னிடம் நீட்டினாள். இன்று என் மூக்குக்கு விடுமுறையே இல்லை. ஆனால் முகர்ந்ததும் துள்ளிவிட்டேன். பத்து வருஷம் டீசல் ஆட்டோ ஓட்டியவனுக்கு அந்த மணம் தெரியாதா?

"டீசல்!"

"அதாக்கும்" என்றார் செல்லசாமி. அக்கா அந்த ஷீட்டை விலைக்கு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

கள்ளிக்காட்டில், தோட்டத்தின் கடைசியில் நின்றது பழைய ரப்பர் கோடவுன். ஓடு மாற்றித் தகரம் போட்டிருந்தார்கள். சுவரெல்லாம் புது ஃபேன்கள். பின்பக்கம் இரண்டு ஜெனரேட்டர்கள் கர்ரென்று ஓடிக்கொண்டிருந்தன. சுற்றிலும் டிரம்கள், மழைத் தண்ணீரில் எண்ணெய் மினுமினுத்துக்கொண்டே சரிவில் இறங்கியது. சுவரோரம் யாரோ தோட்டத்துக்காரர்கள் கட்டியிருந்த கொடியில் ஷீட்டுகள் அழகாகக் காய்ந்துகொண்டிருந்தன. கேட்டில் புதுப் பலகை: 'வாழைக்குலை சேமிப்பு'.

"இந்தச் சத்தத்துல வாழைக்குலை எப்படி அக்கா தூங்கும்?"

அக்கா அந்தத் தண்ணீரின் பின்னாலேயே இறங்கினாள். சரிவில் ஒரு வீடு. கிணற்றடியில் கயிறு சுருட்டி வைத்திருந்தது. அந்த வீட்டுப் பெண் எங்களைப் பார்த்ததும் வாளியில் தண்ணீர் எடுத்து வந்து முகத்துக்கு நேரே காட்டினாள். "மோந்து பாருங்க. ரெண்டு மாசமாச்சு. குழந்தைக்கு மேலு முழுக்கச் சொறி. சேமிப்புக்காரன்கிட்டக் கேட்டா ரோட்டுல போற லாரியால இருக்கும்னு சொல்லுதான்." வாளியில் வானவில் மிதந்தது.

அக்கா வேலியோரம் நின்று போனை எடுத்தாள். "மேடம், நான் பிரசீதா. காரணம் கேக்காதீங்க. உங்ககிட்ட இருக்கிற பெரிய ஸ்கேன் படமெல்லாம், எத்தனை கம்ப்யூட்டர் உண்டோ அத்தனையிலயும் ஒரே நேரத்துல தொறங்க. இப்போ."

பத்து நொடி. கோடவுன் சுவரிலிருந்த ஃபேன்கள் ஓவென்று இரைச்சலை ஏற்றின.

"மூடுங்க."

இரைச்சல் அடங்கியது.

"தொறங்க." ஏறியது. "மூடுங்க." இறங்கியது. மூன்றாம் தடவையும் அப்படியே. மேடத்தின் கோப்புகள் இந்தச் சுவருக்குள்தான் இருந்தன.

"அக்கா, கட்டடத்துக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுறியளா?" என்றேன்.

அவள் அதற்குள் வாசலுக்குப் போயிருந்தாள். கேட்டின் கல்தூணில், பாசி மூடிக் கிடந்த ஒரு பெயரைக் கட்டைவிரலால் துடைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்ததும் அவள் முகம் மாறிவிட்டது. பொய்யனைப் பிடித்த நாளில் அந்த முகம் இப்படி இருக்காது.

"என்ன அக்கா?"

"ஆஸ்பத்திரிக்குப் போ." அவள் வழியெல்லாம் மடியில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டே வந்தாள்.

மணி இரண்டு இருபது. ஸ்ரீகலா மேடத்தின் அறையில் அக்கா முதலில் ஆரியங்கோட்டுக் கதையைச் சொன்னாள். மேடம் நாற்காலியில் சாய்ந்தார். "கடவுளே! காலிக் கட்டடத்தையா நான் ரெண்டு தடவை சுத்திப் பாத்தேன்? அங்க வரிசையா விளக்கெரிஞ்ச பெட்டிகள்…"

"விளக்கு மட்டும்தான் மேடம்."

"அப்போ நிஜமான இடம் எது?"

அக்கா அந்தத் தேன் நிற ஷீட்டை மேசையில் வைத்தாள். மேடம் அதைத் தொட்டார். ஷீட்டில் ரோலர் பதித்திருந்த பூவரிசையின் மேல் விரல் ஓடியது. ஓடிய விரல் பாதியில் நின்றது.

"இது எங்க வீட்டு ரோலர். அப்பா நாகர்கோவில்லேருந்து சொல்லிச் செய்ய வச்சது. இந்தப் பூ வேற எங்கயும் கெடையாது." நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். "பிரசீதா, இது எங்கேருந்து வந்தது?"

"கேட்டுக்கல்லுல முத்துக்குமாரசாமின்னு பேரு வெட்டியிருக்கு மேடம். உங்க கார்டுல உங்க பேரோட இருக்கிற அதே பேரு. உங்க அப்பாதானே?"

மேடம் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார். அவசரத்தில் ஸ்பீக்கரும் சேர்ந்து அமுங்கியது.

"அக்கா, சொல்லுங்க!" சபரிநாதனின் குரலில் ஒரு கள்ளமும் இல்லை.

"சபரி, கள்ளிக்காட்டுக் கோடவுனை யாருக்குக் கொடுத்திருக்கோம்?"

"வாழைக்குலைக்காரங்களுக்கு. உங்களுக்குத் தெரியாதா? நல்ல மனுஷங்க. அவங்களே தேடி வந்தாங்க. கோடவுனைக்கூடச் சரியாப் பாக்கல்ல. 'ஸ்ரீகலா மேடத்துக்க வீடுதானே'ன்னு மட்டும் கேட்டாங்க. உங்க பேருக்கு வெளியில அவ்வளவு மதிப்பான்னு அப்பாவுக்கு ஒரே பெருமை."

"எப்ப வந்தாங்க?"

"நீங்க ஆஸ்பத்திரிக்குக் கம்பெனி தெரிஞ்செடுக்கிற ஏதோ கமிட்டியில சேந்தேன்னு சொன்னீங்களே, அதுக்கு அடுத்த வாரம். ஓணத்துக்கு நீங்க வந்திருந்தப்பதானே வாடகைப் பத்திரம் எழுதினது? சாட்சிக் கையெழுத்தே நீங்கதானே போட்டீங்க. அம்மா பாயசம் எடுத்துட்டு வந்து, 'சீக்கிரம் போட்டுட்டுக் குடி'ன்னு… அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

மேடம் போனை வைத்துவிட்டார்.

வெளியே யாரோ நோயாளியின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"ஆறு மாசம் உக்காந்து மூணு கம்பெனியையும் அலசினேன்" என்றார் மேடம், தனக்குத்தானே. "மழைத்தொட்டி அளந்தேன். சோலார் எண்ணினேன். நான்தான் அவங்களைத் தெரிஞ்செடுக்கிறேன்னு நெனச்சேன் பிரசீதா. அவங்க அதுக்கு முன்னாலயே என்னைத் தெரிஞ்செடுத்துட்டாங்க. என்னைக்காவது நான் கண்டுபிடிச்சாலும் வாயைத் தொறக்க முடியாதபடி."

"நீங்க தெரிஞ்சு போட்ட கையெழுத்து இல்லையே மேடம்" என்றேன் நான். பொறுக்கவில்லை.

"அதை யாரு நம்புவா ஷிஜு? அப்பாவுக்க கோடவுன், மகளுக்க சாட்சி, மகளே சிபாரிசு. மத்தவங்க எடத்துல நான் இருந்தா நானே நம்ப மாட்டேன்."

அக்கா நோட்டிலிருந்து இரண்டு தாள்களைக் கிழித்து மேசையில் வைத்தாள். அவள் குரல் இவ்வளவு மெதுவாக வந்து நான் கேட்டதில்லை.

"ரிப்போர்ட் ரெண்டு பக்கம். முதல் பக்கம் ஆரியங்கோடு, காலிக் கட்டடம். அது ஒண்ணு போதும் இவனுவள வெளியேத்த. ரெண்டாம் பக்கம் கள்ளிக்காடு. என்னை வேலைக்கு வச்சது நீங்க. எத்தனை பக்கம் உள்ள போகணும்னு நீங்கதான் சொல்லணும். நான் யாருகிட்டயும் பேச மாட்டேன். ஷிஜுவும் பேச மாட்டான்."

நான் பேசாமல் இருப்பேன் என்று என் சார்பில் சத்தியம் செய்ய அக்கா ஒருத்தியால்தான் முடியும். ஆனால் அன்று நான் தலையாட்டினேன்.

மேடம் இரண்டாம் பக்கத்தை எடுத்துப் படித்தார். சரிவு வீட்டுக் கிணற்றைப் பற்றிய வரி வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்தச் சரிவுக்குக் கீழதான் எங்க வீடும். ரெண்டு மாசமா அம்மா கெணத்து வெள்ளம் கசக்குதுன்னு சொல்லுது. வயசாச்சு, நாக்கு செத்துப்போச்சுன்னு சொல்லிச் சிரிச்சேன் நான். சிரிச்சேனே!" முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "வேலை போகும். அப்பா எனக்க முகத்துல முழிக்க மாட்டார். போலீஸ்காரன் வந்து அந்த மனுஷனை ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவான், எண்பது வயசுல."

அக்கா கிளாஸில் தண்ணீர் ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினாள்.

மூன்று அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது கமிட்டி அறையிலிருந்து ஆள் வந்து, "தலைவர் கூப்பிடுறார் மேடம், எல்லாரும் வந்தாச்சு. ஹரிதநிழல்காரங்களும் லட்டோட வந்திருக்காங்க" என்றான்.

மேடம் எழுந்தார். சேலை மடிப்பைச் சரி செய்துகொண்டார். இரண்டு தாளையும் ஒன்றாக எடுத்துக்கொண்டார். வாசலில் ஒரு நொடி நின்று திரும்பி, "நீங்க போகாதீங்க. வெளிய வரும்போது யாராவது இருந்தா நல்லாருக்கும்" என்றார்.

நாங்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அக்கா பார்க்காத பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கமிட்டி அறைக் கதவு முழுதாகச் சாத்தவில்லை. உள்ளே நாற்காலிகள் இழுபடும் சத்தம், யாரோ சிரிக்கும் சத்தம், பேனா மூடியைத் திறந்து நீட்டி, "இந்த இடத்துல மேடம்" என்கிற ஒரு குழைந்த குரல்.

பிறகு ஸ்ரீகலா மேடத்தின் குரல் கேட்டது. நடுக்கமே இல்லை.

"இதுல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால, ஓணத்தன்னைக்கு நான் போட்ட ஒரு கையெழுத்தைப் பத்தி உங்க எல்லார்கிட்டயும் சொல்லணும்."